கேள்வி நேரம்: அமைச்சர்களின் பதில்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் நலச் சங்கங்களுக்கும் பெற்றோர் குழுக்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். அந்த வேலையின் ஊடே, "சட்டமன்றத்தில் அமைச்சரே சொல்லிவிட்டார், இன்னும் ஏன் நடக்கவில்லை?" என்ற ஆதங்கத்தையும் அதைச் சுற்றிய சந்தேகங்களையும் கேட்காத மாதம் இல்லை. அவற்றுக்கு நான் சொல்லி வந்த விடைகளை இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையும் இந்திய நாடாளுமன்றத்தின் இரு அவைகளுமே இதன் எல்லை. விதி எண்களைத் தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி நேரம் என்றால் என்ன? அவையில் நடக்கும் மற்றப் பேச்சுகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

அவை கூடும் நாளில், உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குத் துறை அமைச்சர்கள் விடையளிப்பதற்கென ஒதுக்கப்பட்ட நேரமே கேள்வி நேரம். மக்களவையில் இது காலை 11 மணி முதல் 12 மணி வரை நடைபெறுகிறது. மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. காலையிலேயே எழும் அமளியில் கேள்வி நேரம் அடித்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்ததே அந்த மாற்றத்துக்குக் காரணம். தமிழ்நாட்டுப் பேரவையிலும் வழக்கமாக அன்றைய அலுவல் கேள்வி நேரத்தோடுதான் தொடங்குகிறது.

விவாதத்தில் உறுப்பினர் தம் கருத்தைப் பேசுகிறார், அமைச்சர் தொகுத்துப் பதிலுரை வழங்குகிறார். கேள்வி நேரத்தில் அப்படியில்லை; குறிப்பிட்ட ஒன்றைக் கேட்க வேண்டும், அதற்கு மட்டும் விடை வர வேண்டும், இரண்டும் அவைக் குறிப்பில் ஏற வேண்டும். பேச்சு மறந்துபோகலாம், "இத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன" என்று அமைச்சர் எழுத்தில் தந்த எண்ணிக்கை மறைவதில்லை.

அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

"அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்" என்ற நேரடி வாக்கியம் அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 75(3) உறுப்பும், மாநில அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 164(2) உறுப்பும் சொல்கின்றன. கேள்வி கேட்கும் உரிமை அந்தப் பொறுப்பிலிருந்து பிறக்கிறது. அதை எப்படி நடத்துவது என்பதை, நாடாளுமன்றம் 118ஆம் உறுப்பின்படியும் மாநிலச் சட்டமன்றங்கள் 208ஆம் உறுப்பின்படியும் தாமே வகுத்துக்கொண்ட நடத்தை விதிகள் முடிவு செய்கின்றன.

இந்த உரிமை சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததும் அன்று. பிரிட்டிஷ் ஆட்சியில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்டமன்றக் குழுக்களில் கேள்வி கேட்கவே இடமில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் கேள்விக்கு அனுமதி தந்தது, விடையைத் தொடர்ந்து எழுப்பும் துணைக் கேள்விக்குத் தரவில்லை. 1909ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான், கேட்டவரே தொடர்ந்து ஒரு துணைக் கேள்வி எழுப்ப வழி பிறந்தது. ஆள்பவர்கள் முதலில் கேள்வியையும் நெடுநாள் கழித்தே துணைக் கேள்வியையும் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் எது கூர்மையானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்கிறார்களே, அது என்ன?

வாய்மொழியாக விடை வேண்டும் என்று கேட்கப்படும் கேள்விக்கு முன்னால் அச்சில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அமைச்சர் அதற்கு அவையில் எழுந்து விடையளிப்பார். துணைக் கேள்விகளும் வரும். குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலம் மட்டுமே விடை. துணைக் கேள்விக்கு இடமில்லை. இவை தவிர, பொது முக்கியத்துவம் கொண்ட அவசர விஷயத்தில், வழக்கமான கால அவகாசமின்றிக் கேட்கப்படும் குறுகிய அறிவிப்புக் கேள்வியும் உண்டு. அதை ஏற்க அமைச்சரின் இசைவு தேவை என்பதால் அது அரிதாகவே வருகிறது.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். மாநிலங்களவையில் இந்த எண்ணிக்கை முறையே 15, 160. ஆனால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்விகளைத் தாண்டுவதே பெரும்பாடு. முறை வராத நட்சத்திரக் கேள்விகளின் விடைகள் எழுத்து மூலம் அவையில் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஆகவே, "எங்கள் உறுப்பினரின் கேள்வி எடுக்கப்படவே இல்லை" என்று வருந்துபவர்கள், விடை எழுத்தில் வந்திருக்கும் என்பதை நினைவில் கொண்டு தேடிப் பார்க்க வேண்டும்.

எந்தக் கேள்வி முதலில் வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்? செல்வாக்கு உள்ளவருக்குத்தான் முன்னுரிமையா?

நாடாளுமன்றத்தில் குலுக்கல். உறுப்பினர்கள் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். வந்த அறிவிப்புகளுக்கிடையே முன்னுரிமையைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அமைச்சகங்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் என ஒதுக்கப்படுவதால், ரயில்வே பற்றிய கேள்வியை ரயில்வேக்குரிய நாளில்தான் கேட்க முடியும். மாநிலங்களில் கால அவகாசமும் எண்ணிக்கையும் அந்தந்தப் பேரவையின் விதிகளைப் பொறுத்தவை. கேள்வியை ஏற்பதா மறுப்பதா என்பதில் எல்லா இடங்களிலும் அவைத் தலைவரின் முடிவே இறுதியானது.

எங்கள் ஊர்ப் பிரச்சினையை எம்.பி.யிடம் சொன்னால் "அது மாநில விஷயம்" என்கிறார், எம்.எல்.ஏ.விடம் சொன்னால் "மத்திய அரசைக் கேளுங்கள்" என்கிறார். யாரிடம் போவது?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று பட்டியல்கள் உள்ளன. காவல், மருத்துவமனைகள், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, நிலம், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, அஞ்சல், தொலைத்தொடர்பு ஆகியவை ஒன்றியத்துக்கு உரியவை. மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குச் சென்றது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை என்பதைச் சட்டமன்றத்தில் கேட்பதே முறை; நாடாளுமன்றத்தில் கேட்டால், கேள்வியே ஏற்கப்படாமல் போகலாம், அல்லது "பொதுச் சுகாதாரம் மாநில விஷயம்" என்ற வரியோடு விடை தொடங்கும்.

சிக்கல் நடுவில் இருக்கும் விஷயங்களில்தான். ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி பெரும்பாலும் ரயில்வேயின் பொறுப்பு. இருபுறமும் ஏறி இறங்கும் அணுகுசாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. நில எடுப்பு வருவாய்த் துறையின் கையில். ஒரு தரப்பை மட்டும் கேட்டால், "எங்கள் பகுதி முடிந்துவிட்டது, அவர்கள் பகுதிதான் நிலுவையில் உள்ளது" என்ற விடை கிடைக்கும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கேட்கச் செய்தால் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பந்து யார் பக்கம் நிற்கிறது என்பது அப்போது மறைய வழியில்லை. இதே உத்தி, 2000இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் போன்ற மத்திய நிதி பெறும் திட்டங்களுக்கும் பொருந்தும். எவ்வளவு நிதி விடுவிக்கப்பட்டது என்று நாடாளுமன்றத்திலும், வந்த நிதியில் எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் எந்த வேலை முடிந்தது என்று சட்டமன்றத்திலும் கேட்க வேண்டும்.

பதினைந்து நாட்களுக்கு முன்பே கேள்வி தெரிந்துவிட்டால் அமைச்சர் எழுதி வைத்து வாசித்துவிடுவாரே. அதில் என்ன பயன்?

முதல் விடை எழுதி வைத்ததாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். மாவட்டங்களிலிருந்து விவரம் திரட்டாமல் ஓர் அமைச்சர் வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட அது மேல். அவருக்குத் தெரியாமல் வருவது துணைக் கேள்வி. துறைச் செயலர் தயாரித்துக் கொடுக்கும் கோப்பில் வரக்கூடிய துணைக் கேள்விகளுக்கும் குறிப்புகள் இருக்கும். எனினும் துறையை உண்மையில் கையில் வைத்திருக்கும் அமைச்சருக்கும் கோப்பைப் புரட்டும் அமைச்சருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

நாடாளுமன்ற வரலாற்றில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 1957இல் நடந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நிலையில், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியிருந்தது. அதைப் பற்றி மக்களவையில் எழுந்த கேள்விக்கு முதலில் மழுப்பலான விடையே வந்தது. உறுப்பினர்கள் விடவில்லை, ஃபெரோஸ் காந்தி விவரங்களோடு அவையில் அதை விரித்துரைத்தார். நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரணை நடத்தினார். தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஒரு சாதாரணக் கேள்வியும் அதற்குக் கிடைத்த அரைகுறை விடையுமே அத்தனைக்கும் தொடக்கம்.

தமிழ்நாட்டுப் பேரவையில் துணைக் கேள்வி வேறொரு வடிவம் எடுத்துவிட்டது. ஒரு தொகுதியின் தடுப்பணை பற்றிய கேள்வி வந்ததும், "இதேபோல் என் தொகுதியிலும் ஒரு தடுப்பணை கட்ட அரசு முன்வருமா?" என்று அடுத்தடுத்து உறுப்பினர்கள் எழுகிறார்கள். கேட்கும் உறுப்பினருக்கு அது தொகுதியில் சொல்லிக்கொள்ள உதவும். ஆனால் முதல் கேள்வியின் கூர்மை அத்தோடு மழுங்கிவிடுகிறது. தலைவர்களைப் போற்றும் முன்னுரைக்கு ஒரு நிமிடம் போய்விட்டால் எஞ்சுவது இன்னும் குறைவு. "கேள்வியாகக் கேளுங்கள்" என்று பேரவைத் தலைவர் நினைவூட்ட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தன் அரசையே கேள்வி கேட்பது நாடகம்தானே?

சில நேரங்களில் நாடகமே. அமைச்சர் அறிவிக்க விரும்பும் செய்தியை அறிவிப்பதற்கு வசதியாக அமைந்த கேள்விகள் எல்லா ஆட்சிகளிலும் உண்டு. "அரசுக்கு நன்றி தெரிவித்து" என்று தொடங்கும் கேள்வியைக் கண்டால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

எல்லாவற்றையும் அப்படி ஒதுக்கிவிடவும் முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் வாக்களிப்பைத்தான் கட்டுப்படுத்துகிறது, கேள்வி கேட்பதை அன்று. மேலே சொன்ன முந்த்ரா விவகாரத்தில் நிதியமைச்சரை மடக்கிய ஃபெரோஸ் காந்தி எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனும்கூட. அமைச்சராக இல்லாத ஒவ்வோர் உறுப்பினரும், எந்தப் பக்க இருக்கையில் அமர்ந்திருந்தாலும், கேள்வி கேட்கும் உரிமை உடையவர்.

எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் கேட்கலாமா? என் எம்.பி. கொடுத்த கேள்வி ஏற்கப்படவில்லை என்கிறார்.

நிபந்தனைகள் உண்டு. மக்களவை விதிகளின்படி கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அவதூறு ஆகியவை கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தையோ கற்பனையான சூழ்நிலைக்கு விடையையோ கேட்கக் கூடாது. நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விஷயத்தையும், எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள விவரத்தையும், அரசின் நேரடிப் பொறுப்பில் இல்லாததையும் கேட்க முடியாது.

சாதாரண மக்கள் எழுதித் தரும் வரைவுகள் பெரும்பாலும் வாதமும் குற்றச்சாட்டும் கூடாது என்ற நிபந்தனையிலேயே தடுக்கி விழுகின்றன. "அதிகாரிகளின் அலட்சியத்தால் நோயாளிகள் அவதிப்படுவதை அரசு அறியுமா?" என்பதில் முடிவு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. "இந்த அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, காலியிடங்கள் எந்த நாளிலிருந்து காலியாக உள்ளன?" என்று எழுதினால் மறுக்க இடமில்லை. விடை வந்த பிறகு அலட்சியம் இருக்கிறதா என்பதைப் படிப்பவரே சொல்லிவிடுவார்.

"அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றால் நடக்குமா, நடக்காதா?

அமைச்சர்களின் விடைகளுக்கென்று ஒரு தனி மொழி இருக்கிறது. அதைப் படிக்கப் பழகினால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். "அத்தகைய கருத்துரு ஏதும் அரசிடம் தற்போது இல்லை" என்பது, கோப்பே தொடங்கவில்லை என்பதைக் குறிக்கும். "தற்போது" என்ற சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டாம். "சாத்தியக்கூறுகள் ஆராயப்பட்டு, நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும்" என்பதில் இரண்டு பூட்டுகள் உள்ளன: ஒன்று ஆய்வு, மற்றொன்று நிதி. "பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது என்று பொருள். எந்த மேசை என்பதைத் துணைக் கேள்வியில்தான் கேட்க வேண்டும். "ஆவன செய்யப்படும்" என்பதைப் பணிவான மறுப்பாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். தவறு என்று நிரூபிக்கப்பட்டால் மகிழ்ச்சியே. நிர்வாக ஒப்புதல் வழங்கப்பட்ட அரசாணையின் எண்ணும் நாளும் தொகையும் சொல்லப்பட்டால்தான் விஷயம் காகிதத்தைத் தாண்டத் தொடங்கியிருக்கிறது.

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணத்தையும் கவனிக்க வேண்டும். "மக்கள்தொகை விதிமுறைக்கு உட்படவில்லை" என்று விடை வந்தால் விதிமுறையைப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலைப்பகுதியில் 20,000 பேர். துணை சுகாதார நிலையத்துக்கு முறையே 5,000, 3,000 பேர் என்பது நாடு முழுவதும் வழங்கும் அளவுகோல். உங்கள் பகுதி மலைப்பகுதியாக இருந்தும் சமவெளி அளவுகோலைக் காட்டி மறுத்திருந்தால், அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி கையில் இருக்கிறது.

அமைச்சர் அவையில் தந்த வாக்குறுதியை யாராவது கண்காணிக்கிறார்களா?

கண்காணிக்கிறார்கள், பலருக்கு இது தெரியாது. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அரசு உறுதிமொழிகளுக்கான குழுக்கள் உள்ளன. மக்களவைக் குழு 1953 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது மாவட்டங்களுக்குச் சென்று, அவையில் சொல்லப்பட்ட பணிகளை நேரில் பார்ப்பதும் உண்டு. "விவரம் திரட்டப்பட்டு அவையின் முன் வைக்கப்படும்", "பரிசீலிக்கப்பட்டு வருகிறது" போன்ற சொற்றொடர்களே நாடாளுமன்ற நடைமுறையில் உறுதிமொழியாகக் கருதப்படக்கூடியவை; நிறைவேற்ற மூன்று மாத கால அளவு உண்டு. அளவு நீட்டிக்கப்படுவதும், வழியில்லை என்று சொல்லிக் கைவிட அரசு வேண்டுவதும் சாதாரணம். அப்போதும் ஒரு காரணம் எழுத்தில் வர வேண்டியிருக்கிறது.

ஆகையால் குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும் செய்தி வந்தால், பொதுவான கோரிக்கை மனுவோடு போகாதீர்கள். எந்த நாளில், எந்தக் கேள்விக்கு, அமைச்சர் என்ன சொன்னார் என்ற குறிப்போடு போங்கள்.

110 விதியின் கீழ் அறிவிப்பு, நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு இவையெல்லாமும் கேள்விகள்தானா?

ஒன்றும் கேள்வி அன்று. தமிழ்நாட்டுப் பேரவையின் 110ஆவது விதியின்படி அமைச்சர் தாமாகவே பொது முக்கியத்துவம் உள்ள அறிக்கையை அளிக்கலாம். அதன்மீது விவாதம் கிடையாது. முதலமைச்சர்கள் திட்டங்களை அறிவிக்கப் பெரிதும் பயன்படுத்துவது இதையே. கேட்பவர் இல்லாத விடை என்று இதைச் சொல்லலாம். கவன ஈர்ப்பு, அவசரப் பொது விஷயத்தை எழுப்பி அமைச்சரின் அறிக்கையைப் பெறும் வழி. நாடாளுமன்றத்தில் 1954 முதல் இருக்கும் இது இந்தியாவிலேயே உருவான முறை. கேள்வி நேரம் முடிந்தவுடன் உறுப்பினர்கள் உடனடிப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம் நாடாளுமன்ற விதிப் புத்தகத்தில் இல்லாமல் வழக்கத்தில் வேரூன்றியது. அங்கே அமைச்சர் உடனே விடையளிக்கக் கட்டுப்பட்டவர் அல்லர்.

உள்ளூர்ச் சேவைகளைப் பொறுத்தவரை, துறைகளுக்கான நிதிக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தையும் கவனிக்கப் பரிந்துரைப்பேன். அப்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இருக்கும் எண்ணிக்கைகள், அடுத்த கேள்விக்குச் சரியான மூலப்பொருள்.

பிரதமரும் முதலமைச்சரும் கேள்விக்கு விடையளிப்பார்களா?

தம் பொறுப்பிலுள்ள துறைகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்தான். பிரிட்டனில் புதன்தோறும் பிரதமர் நேரடியாகக் கேள்விகளை எதிர்கொள்வது போன்ற தனி நேரம் இந்தியாவில் இல்லை. பிரதமரின் கீழுள்ள அணுசக்தி, விண்வெளி, பணியாளர் நலன் போன்ற துறைகளின் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இணையமைச்சரே விடையளிக்கிறார். மாநிலத்தில், காவல் துறையை முதலமைச்சர் தம்மிடமே வைத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம்.

கேள்வி கேட்டவரே அவைக்கு வராவிட்டால்?

2009ஆம் ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடரில், பட்டியலில் பெயர் இருந்தவர்களில் பெரும்பாலோர் வராததால் மக்களவைக் கேள்வி நேரமே பாதியில் நின்றது. அதற்குப் பிறகு, கேட்டவர் இல்லாவிட்டாலும் விடையைப் பெறவும் மற்றவர்கள் துணைக் கேள்வி கேட்கவும் வழி செய்யப்பட்டது.

கேள்வி நேரத்தையே ரத்து செய்ய முடியுமா?

முடிந்திருக்கிறது. 1962இல் சீனப் போரின்போதும் நெருக்கடி நிலைக் காலத்திலும் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. 2020 செப்டம்பரில், கொரோனா தொற்றைக் காரணம் காட்டி, நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் கேள்வி நேரம் இன்றி நடந்தது. குறியிடாத கேள்விகளுக்கு மட்டும் எழுத்தில் விடை வந்தது. எழுத்து விடை இருக்கிறதே என்று சமாதானம் சொன்னவர்களுக்கு, மேலே துணைக் கேள்வியைப் பற்றிச் சொன்னதே என் மறுமொழி.

ரத்தைவிடச் சத்தமில்லாத இழப்பு, அவை கூடாத நாட்கள். இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டுமே நாடாளுமன்றத்துக்கு 85ஆம் உறுப்பும் மாநிலச் சட்டமன்றத்துக்கு 174ஆம் உறுப்பும் சொல்கின்றன; ஆண்டுக்கு இத்தனை நாள் கூட வேண்டும் என்று சொல்லவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள் என்பது உண்மையா?

நடந்திருக்கிறது, தண்டிக்கப்பட்டும் இருக்கிறது. தற்காலிக நாடாளுமன்றத்தில் எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர் வணிகச் சங்கம் ஒன்றுக்காகப் பணம் பெற்றுக் கேள்வி எழுப்பியதாக 1951இல் அவை முடிவு செய்தது. நீக்கப்படும் தறுவாயில் அவர் விலகினார். 2005 டிசம்பரில், மறைமுக ஒளிப்பதிவில் சிக்கிய 11 உறுப்பினர்கள், மக்களவையிலிருந்து 10 பேரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரும், நீக்கப்பட்டார்கள். அந்த நீக்கம் செல்லும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவையில் பேசுவதற்கோ வாக்களிப்பதற்கோ லஞ்சம் வாங்கியவருக்கு அவை உரிமையின் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வும் கூறியது.

அமைச்சர் அவையில் தவறான தகவல் தந்தால் என்ன செய்வது?

தெரியாமல் நேர்ந்த பிழை என்றால், திருத்திய விடையை அவையில் வைக்க அமைச்சருக்கு வழி உண்டு. அப்படித் திருத்துவது அடிக்கடி நடக்கிறது. வேறோர் உறுப்பினரும் பிழையைச் சுட்டி அவைத் தலைவருக்கு எழுதலாம். தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று கருதினால் உரிமை மீறல் அறிவிப்புத் தரலாம், ஆனால் அந்த "தெரிந்தே" என்பதை நிறுவுவது கடினம். நடைமுறையில் நல்ல வழி, களத்திலுள்ள நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி துறையிடமே கேட்டு வாங்கி, இரண்டையும் உறுப்பினரிடம் கொடுப்பது. அந்தச் சட்டத்தின்படி பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

நான் சாதாரணக் குடிமகன். என் கேள்வியை அமைச்சரிடம் கொண்டுசெல்ல முடியுமா?

நேரடியாக முடியாது, உங்கள் உறுப்பினர் வழியாக முடியும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடாதீர்கள்; முன்சொன்ன கால அவகாசத்தை எண்ணிப் பார்த்தால், தேதி அறிவிக்கப்படும் நாளே ஏற்கனவே தாமதம். ஒரே பக்கத்தில், ஒரே துறையை நோக்கி, (அ), (ஆ), (இ) என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். ஊரின் எல்லாக் குறைகளையும் ஒரே தாளில் கொட்டினால் அது மனுவாகும், கேள்வியாகாது. தொகுதி உறுப்பினர் தயங்கினால், அதே விஷயத்தில் ஆர்வமுள்ள வேறு உறுப்பினரை நாடலாம். தொகுதி எல்லை கேள்விக்கு இல்லை. பேரவையின் மனுக்கள் குழுவுக்கு எழுதுவது தனி வழி.

2022 ஜனவரி முதல் தமிழ்நாட்டுப் பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் ஒளிபரப்பாகிறது. விடை வந்த நாளின் காணொளியைச் சேமித்து வையுங்கள், அச்சான அவைக் குறிப்பையும் தேடி எடுங்கள். இரண்டும் மாறுபட்டால் குறிப்பே ஆவணம். நீக்கப்பட்ட சொற்கள் அதில் இருப்பதில்லை.

அமைச்சர் அவையில் சொன்னதை வைத்து நீதிமன்றம் போகலாமா?

அந்தச் சொல்லுக்காக அமைச்சர்மீது வழக்குத் தொடர முடியாது. அவையில் பேசியதற்காக எந்த உறுப்பினரும் நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்பட மாட்டார் என்று 105ஆம் உறுப்பும் 194ஆம் உறுப்பும் சொல்கின்றன. நடைமுறைக் குறை என்று சொல்லி அவை நடவடிக்கையை நீதிமன்றம் ஆராய 122ஆம், 212ஆம் உறுப்புகள் தடை விதிக்கின்றன. "சாலை போடப்படும்" என்ற உறுதிமொழி மட்டுமே சட்டப்படியான உரிமையாகவும் ஆகிவிடாது.

ஆனால் சட்டத்தில் உங்களுக்கு ஏற்கனவே ஓர் உரிமை இருக்கும் இடத்தில், அமைச்சரின் விடை சான்றாக உதவும். எடுத்துக்காட்டாக, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் குடியிருப்புக்கு அப்படிப் பள்ளி இல்லை என்று அரசே அவையில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த உண்மையை நீங்கள் தனியாக நிறுவ வேண்டிய பாடு குறைகிறது. நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 2018இல் கல்பனா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொன்னதும் இந்தத் திசையில்தான்.

ஒரே விஷயத்துக்கு மத்திய அமைச்சர் ஓர் எண்ணிக்கையும் மாநில அமைச்சர் வேறோர் எண்ணிக்கையும் சொல்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்?

பெரும்பாலும் இருவருமே இல்லை. முதலில், எந்த நாளின் நிலவரம் என்று பாருங்கள். ஒருவர் மார்ச் 31 கணக்கைச் சொல்லியிருப்பார், மற்றவர் போன வாரக் கணக்கை. அடுத்து, எண்ணப்பட்டது எது என்று பாருங்கள். "வழங்கப்பட்ட குடிநீர் இணைப்பு" என்பதும் "தண்ணீர் வரும் இணைப்பு" என்பதும் வேறு வேறு; "அனுமதிக்கப்பட்ட சாலை", "பணி தொடங்கிய சாலை", "முடிக்கப்பட்ட சாலை" ஆகிய மூன்றுக்கும் மூன்று எண்ணிக்கைகள் இருக்கும். ஒன்றிய அரசு பெரும்பாலும் மாநிலங்கள் இணையத்தில் பதிவேற்றியதைத் தொகுத்துத் தருகிறது. பதிவேற்றத்தில் தாமதம் இருந்தால் விடையிலும் இருக்கும்.

நாளும் வரையறையும் ஒன்றாக இருந்தும் எண்ணிக்கை மாறுபட்டால், இரண்டு விடைகளின் கேள்வி எண்களையும் நாட்களையும் குறித்துக்கொண்டு, "இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?" என்று ஒரே வரியில் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் "பரிசீலனையில் உள்ளது" என்று விடை சொல்ல முடியாது.